சுந்தரியும் ஏழாம் எண் படகும்

பழமலை என்று இன்னொரு பெயர் வைத்துக்கொண்டிருக்கும் விருத்தாசலத்தில், ஏறி நின்று பார்க்க உயரம் என்று ஏதாவது உண்டென்றால் அது ரயில் நிலையத்து நடைமேம்பாலம்தான். அந்த ஊரின் செராமிக் பேட்டையில் இருபத்து மூன்று ஆண்டுகளாக வேலை செய்யும் சிவகாமசுந்தரி ஐந்து முறை மலைக்குப் போனவர். ஐந்து முறையும் போனது ஒரே ஒரு காரியத்துக்காக. அங்குள்ள ஏரியில் கால்மிதிப் படகில் ஏற வேண்டும். நான்கு முறை ஏறவில்லை. ஐந்தாம் முறை என்ன நடந்தது என்பதைப் பேட்டையில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

சுந்தரி பிறந்தது இதே மாவட்டத்து மங்களூர் பக்கத்தில் ஒரு கிராமம், 1973. கல்யாணம் ஆகி விருத்தாசலம் வந்தது 1994. அந்த ஆண்டு மாசி மகத் திருவிழாவில் ஒரு போட்டோக் கடை போட்டிருந்தார்கள். ஒட்டுப்பலகையில் வெட்டிய படகு, அதற்குப் பின்னால் துணியில் வரைந்த ஏரியும் மலையும். புதுப்பெண் சுந்தரியும் புருஷன் சிங்காரவேலும் பலகைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். படம் கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, படகுக்குக் கீழே நான்கு கால்கள். பலகை எட்டவில்லை. முப்பது ஆண்டுகளாக அந்தப் படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "ஏம்மா, ஏரிய நடந்தே தாண்டுனீங்களா?"

முதல் பத்து முறை சுந்தரியும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகுதான், கால் தெரியாத படகு ஒன்றில் ஒரு தரமாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று மனத்தில் விழுந்தது.

அவர் வேலை பார்ப்பது ராஜா என்பவரின் தொழிற்கூடத்தில். ஊறுகாய் ஜாடி, டீக்கோப்பை, பூச்சட்டி செய்கிறார்கள். 2002 முதல் 2016 வரை சுந்தரி ஜிகர் மெஷினில் இருந்தார். சுழலும் அச்சுக்குள் மண்ணை வைத்து, மேலே இருக்கும் இரும்புக் கையைக் கீழே இழுத்து, ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மண் சுழன்று கோப்பையாகும். பிடித்த கை ஒரு நூல் ஆடினாலும் கோப்பை கோணிவிடும். சுந்தரி பிடித்த கோப்பை கோணியதில்லை.

2016இல் அவர் காது கண்டுபிடிக்கப்பட்டது. அறுநூறு ஜாடிகள் லோடு ஏறக் காத்திருந்தன. சும்மா நின்றிருந்த சுந்தரி விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போய், நாற்பத்தொரு ஜாடிகளைத் தனியே எடுத்து வைத்தார். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. நல்ல ஜாடி 'ணங்' என்னும், விரிசல் விட்டது 'லொட்' என்னும் என்றார் சுந்தரி. ராஜா நம்பவில்லை. நாற்பத்தொன்றிலும் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். மறுநாள் நாற்பது ஜாடிகளின் கீழே ஈர வட்டம். மிச்சமிருந்த ஒன்றை உடைத்துப் பார்த்தபோது சுவருக்குள் கோலிக்குண்டு அளவு காற்றுப்பொத்தல். அன்று முதல் தரம் பிரிக்கும் மேஜை சுந்தரியுடையது.

அதோடு கைக்கு ஒரு பழக்கமும் வந்துவிட்டது. எதைக் கண்டாலும் தட்டுவார். தர்பூசணி, பேருந்து ஜன்னல், சொந்தக்காரர் வீட்டுச் சீர்வரிசைப் பானை. ஒரு முறை தூங்கிக்கொண்டிருந்த சிங்காரவேலின் வழுக்கையைத் தட்டி, "விரிசல் இல்ல, காலிதான்" என்று தீர்ப்புச் சொன்னதாகக் கேள்வி. அதை இருவருமே மறுக்கவில்லை.

சிங்காரவேல் அதே கூடத்தில் சூளை பார்ப்பவர். மலைச் சுற்றுலாவுக்கு நாள் குறிப்பது அவருடைய சூளைதான். எரியும்போது அதை விட்டு நகர முடியாது. எரிந்து முடிந்த பின் உடனே திறக்கவும் முடியாது. சூடு இறங்குவதற்குள் கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டு உள்ளே இருப்பதெல்லாம் டிக் டிக்கென்று விரிந்துவிடும். ஆகவே அடைத்த கதவுக்குப் பின்னால் சூளை தானாக ஆறும் ஒரு முழு நாள், கூடத்தில் யாருக்கும் வேலை இல்லை. அந்த நாளில்தான் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து வேன் ஏறுவார்கள்.

போகும் இடம் தும்பைமலை. மேற்கே, வேப்பூர் தாண்டிப் போக வேண்டிய சின்ன மலையூர். அருவி, காட்சிமுனை, கம்பிச் சவாரி, ஏரி எல்லாம் உண்டு. முதல் முறை 2011: பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி, சுந்தரி வேனிலேயே படுத்துவிட்டார். 2014: ஏரியில் தண்ணீர் இல்லை, படகுகள் சேற்றில் உட்கார்ந்திருந்தன. 2017: படகுத்துறை மூடி ஐந்து நிமிடம் கழித்துப் போய்ச் சேர்ந்தார்கள். 2019: ஒன்பதாம் வளைவில் சிங்காரவேலுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. சூளைக் கதவின் திருகாணியை முடுக்கினோமா? வேன் திரும்பியது. வந்து பார்த்தால் திருகாணி இரும்புபோல இறுகியிருந்தது. சுந்தரி அவரோடு ஒன்பது நாள் பேசவில்லை.

ஐந்தாவது சுற்றுலா 2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. இதுதான் கடைசி என்று எல்லாருக்கும் தெரியும். ராஜா புதுச் சூளை வாங்குகிறார். அது இரவு பகல் நிற்காமல் எரியும். ஒரு பக்கம் சரக்கு நுழையும், மறுபக்கம் வெளியே வரும். சூளை ஆறும் நாள் என்று ஒன்று இனி கிடையாது. இன்று விட்டால் படகு விட்டதுதான்.

காலை 5.10க்கு வேன் கிளம்பியது. ஆட்கள் இருபத்திரண்டு. ஓட்டுநர் நல்லமுத்து. சுந்தரி காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. மடியில் எலுமிச்சம்பழம்.

"யக்கா, எத்தினி வச்சிருக்க?" என்று கேட்டாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கனிமொழி. பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண்.

"ஆறு."

"வளைவு பதினாலு ஆச்சே?"

"மீதி எட்டுக்கு ஒங்க மாமா தோளு இருக்குது."

சிங்காரவேல் தோளை மெதுவாக ஜன்னல் பக்கம் நகர்த்தினார். "திருகாணிய மூணு தரம் பாத்துட்டன்" என்றார், யாரும் கேட்காமலே.

"அந்தப் பேச்ச எடுத்தா மவனே, எலுமிச்சம்பழத்த ஒன் கண்ணுல புழிவேன்" என்றார் சுந்தரி. நாலு பேருக்கு முன்னால் புருஷனை 'ஏங்க' என்று மட்டுமே கூப்பிடுகிறவர் அன்று அப்படிச் சொன்னதில் வேன் முழுக்கக் கைதட்டல் எழுந்தது.

நான்கு பழத்தோடு வளைவுகள் தீர்ந்தன. 9.25க்கு மலை. இறங்கியதும் எங்கே முதலில் போவது என்று பேச்சு வந்தது.

"அருவிதாங்க மொதல்ல. வெயிலு ஏறுனா கூட்டமும் ஏறும்" என்றார் நல்லமுத்து.

"படகு மொதல்ல" என்றார் சுந்தரி.

கை தூக்கச் சொன்னார்கள். அருவிக்குப் பதினெட்டு. படகுக்கு இரண்டு: ஒன்று சுந்தரியின் கை, மற்றது சுந்தரி மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிய சிங்காரவேலின் கை. மற்றவர்கள் பஜ்ஜிக் கடையில் இருந்தார்கள்.

அருவியில் சுந்தரி கோபமாகத்தான் நின்றார். கனிமொழி இழுத்து உள்ளே விட்டாள். தண்ணீர் முதுகில் மொத்தியது. மேஜையில் குனிந்து குனிந்து இறுகிப்போன முதுகு அது. "அடி! இன்னும் அடி! இந்தப் பக்கம் அடி!" என்று அருவிக்கே உத்தரவு போட்டுக்கொண்டு, சேலை தலையில் ஒட்ட, மூச்சு வாங்கச் சிரித்தார். கோபம் ஞாபகம் வந்து வெளியே வந்தபோது மணி 11.40.

புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் முடிந்து கம்பிச் சவாரிக்குப் போனார்கள். இடுப்பில் பட்டை கட்டி, இந்த மேட்டிலிருந்து அந்த மேட்டுக்குக் கம்பியில் வழுக்கிப் போகிற விளையாட்டு. லோடு ஏற்றும் இனியவன் முதல் ஆளாகப் போனார். நல்ல ஆகிருதி. சரியாக நடுவில் நின்றுவிட்டார். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை, கீழே பள்ளத்தாக்கு.

"இனியா, எப்பிடி இருக்குது?" என்று மேட்டிலிருந்து கத்தினார்கள்.

"காத்து நல்லா வருது! மத்தியானச் சோறு கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கலாம்!"

கயிறு கட்டி இழுத்து வரப் பதினொரு நிமிடம். அதுவரை அவர் அந்தரத்தில் கும்மிப் பாட்டுப் பாடினார். மேட்டில் பெண்கள் வட்டம் கட்டி அடித்தார்கள். சுந்தரியும் அடித்தார், ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு.

காட்சிமுனையில்தான் ஆபத்து வந்தது. அங்கே ஒரு தொலைநோக்கி உண்டு. சிங்காரவேல் கண்ணை வைத்துக் கிழக்கே திருப்பினார். நெடுநேரம் அசையவில்லை. பிறகு குரல் மட்டும் வந்தது:

"புகை தெரியுது."

"எங்க?"

"நம்ம ஊருப் பக்கம்."

சூளை அணைந்த பின் புகை வரக்கூடாது. வந்தால் ஏதோ தவறு. சிங்காரவேலின் கை இடுப்பில் செருகியிருந்த சூளைச் சாவியைத் தொட்டது. சுந்தரி அந்தக் கையைப் பார்த்தார். 2019இல் வேன் திரும்பியபோதும் அந்தக் கை அங்கேதான் இருந்தது.

"ஏங்க, இங்கேருந்து நம்ம ஊரு எப்பிடிங்க தெரியும்?"

"பெண்ணாடம் கரும்பு ஆலைப் புகையா இருக்கும்" என்றார் நல்லமுத்து.

"ஆலைப் புகை வெள்ளையா இருக்கும்ணே. இது சாம்பல்."

சுந்தரி அவரை நகர்த்திவிட்டுத் தானே பார்த்தார். பிறகு தொலைநோக்கியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய், கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "இப்ப பாருங்க."

சிங்காரவேல் பார்த்தார். புகையைக் காணோம். யாரோ பஜ்ஜி தின்ற விரலை அங்கே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. சுந்தரியே தொழிற்கூடத்துக் காவல்காரர் பிரபாகரனுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

"அண்ணே, சூளை எப்பிடி இருக்குது?"

"தூங்குதும்மா. நானும் தூங்கிக்கிட்டுதான் இருந்தன், நீ எழுப்பிட்ட."

படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது 3.45. ஏரி ததும்பிக் கிடந்தது. சுந்தரி சீட்டு வாங்கி, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். மறுபடி பெரிதாகச் சிரிப்பு வந்தது, காரணமே இல்லை. 4.10க்கு அவர் முறை. படகுக்காரர் அர்ச்சுனன் ஏழாம் எண் படகைக் கயிற்றால் இழுத்துப் பலகையோடு சேர்த்துப் பிடித்தார்.

"ரெண்டு பேரா? ஏறும்மா."

சுந்தரி வலது காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்தில் இருக்க, கை தன் பாட்டுக்குக் கீழே நீண்டு படகின் விளிம்பை விரல் முட்டியால் தட்டியது.

லொட்.

காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். இன்னொரு இடத்தில் தட்டினார். லொட். பக்கத்தில் கட்டியிருந்த எட்டாம் எண்ணை எட்டித் தட்டினார். அது ணொங்கென்றது.

"தம்பி, இது விரிஞ்சிருக்குது."

அர்ச்சுனன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யம்மா, இது பைபரு. பானை கீனைன்னு நெனச்சியா?"

"பைபரோ பீங்கானோ, சத்தம் பொய் சொல்லாது. உள்ள தண்ணி போயிருக்குது."

"காலையிலேருந்து முப்பது பேரு போயிட்டு வந்துட்டாங்க இதுல. ஒனக்கு மட்டும் சத்தம் கேக்குதா? ஏறுறதுன்னா ஏறு. இல்லன்னா ஒதுங்கு, பின்னால இருக்கறவங்க ஏறட்டும்."

பின்னால் நின்றது வெளியூர்க் குடும்பம், இடுப்பில் ஒரு குழந்தையோடு. அந்த அம்மாள், "நாங்க ஏறிக்கிறோம்" என்று முன்னால் வந்தாள். ஒதுங்கி நின்றால் அடுத்த படகு எட்டாம் எண். சுந்தரி அதில் ஏறிவிடலாம். அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. மணி 4.16, ஐந்துக்கு எல்லாம் முடிந்துவிடும்.

சுந்தரி பலகையில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார், ஏழாம் எண்ணுக்குக் குறுக்கே.

"நானும் ஏறமாட்டேன். யாரையும் ஏறவுடமாட்டேன்."

வரிசையில் முணுமுணுப்பு பெருகியது. "வூட்டுல சொல்லிட்டு வந்தியாம்மா?" என்றது ஒரு குரல். அர்ச்சுனன் சிங்காரவேலிடம் திரும்பி, "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

சிங்காரவேல் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தம்பி, என் சூளைய நான் முப்பது வருஷமா பாக்கறன். அதுல எத்தினி உருப்படி போச்சுன்னு இவ தட்டிச் சொன்ன பெறகுதான் எனக்கே தெரியும். இவ எழுந்திருக்கமாட்டா. படகத் தூக்கிப் பாத்துடு, அதான் சுலுவு."

"யாரு தூக்கறது?"

அதற்குள் இனியவன் சட்டையைக் கழற்றியிருந்தார். நாள் முழுக்க ஜாடிப் பெட்டி தூக்குகிற நாலு பேர் கூட வந்தார்கள். ஏழாம் எண்ணைக் கரையில் ஏற்றிச் சாய்த்தார்கள். முதலில் ஒன்றும் இல்லை. அர்ச்சுனன் வாயைத் திறந்தார். அப்போது அடிப்பக்கத்தில், மிதிகட்டை அச்சு நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், நீலப் பெயிண்டுக்குள்ளிருந்து ஒரு சொட்டு வந்தது. அப்புறம் ஒரு கோடு. இரண்டு அடுக்குக்கு நடுவே தேங்கிக் கிடந்த தண்ணீர் கசிந்து ஒழுகத் தொடங்கி, நிற்க மூன்று நிமிடம் ஆனது. விரிசல் ஒரு சாண் நீளம், தலைமுடி அகலம்.

குழந்தை வைத்திருந்த அம்மாள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அர்ச்சுனன் தலையைச் சொறிந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, ஏழாம் எண்ணைக் கரை மேட்டில் கவிழ்த்துப் போட்டார். பிறகு சுந்தரிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "யக்கா, மத்ததையும் கொஞ்சம் தட்டிட்டுப் போறியா?" என்றார்.

"தட்டறன். ஆனா எனக்கு ஒண்ணு வேணும். மணி ஆச்சின்னு சொல்லக்கூடாது."

"நீ ஏறாம இந்தத் துறைய மூட மாட்டன்."

சுந்தரி எழுந்து, மிதவைச் சட்டையோடு பலகை நெடுகப் போனார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை, ஏழு நீங்கலாக. எல்லாம் ணொங். அதில் மூன்றாம் எண் மட்டும் கோயில் மணிபோலக் கொஞ்சம் நீளமாக இசைத்தது. "இதுதான் என்னுது" என்றார்.

4.38க்கு ஏறினார்கள். மிதிகட்டையில் இருவரும் கால் வைத்தார்கள். இருவருக்கும் நடுவே திசை திருப்புவதற்கு ஓர் இரும்புக் கைப்பிடி. சுந்தரி அதைப் பிடித்தார். படகு கரையை விட்டு நகர்ந்ததும், கைப்பிடி இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் அவர் கை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. படகு சுழலத் தொடங்கியது.

பதினான்கு ஆண்டுகள் அந்தக் கைக்கு ஒரே பாடம்தான்: சுழலும்போது ஆடாதே.

ஒரு சுற்று. கரை, யூகலிப்டஸ் மரங்கள், நீலப் பெயர்ப்பலகை, இனியவனின் வெற்று முதுகு, மலை. மறுபடி கரை, மரம், பலகை, முதுகு, மலை.

"நேரா வுடுக்கா!" என்று கனிமொழி கத்தினாள்.

"சுந்தரி, கையத் தளர்த்து!" என்றார் சிங்காரவேல்.

"சுத்தறப்ப கைய எடுத்தா கோணிக்கும்ங்க!"

சிங்காரவேல் ஒரு கணம் அவரைப் பார்த்தார். அந்தக் கையையும் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சூளைக்கு விசிறி போடுகிற வேகத்தில் மிதித்தார். படகு பம்பரமாகியது. தண்ணீர் சுற்றிலும் கோப்பைபோலக் குழிந்தது. மரமும் மலையும் முதுகும் ஒன்றாகக் கலந்து பச்சைக் குழம்பாய் ஓடின. சுந்தரி தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பக்கத்தில் சாவியையே மறந்துபோன ஒரு சூளைக்காரர், தானும் மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டே மிதித்தார். கரையில் இருபது பேரும் சுற்றுக்குச் சுற்று கும்மி அடித்தார்கள். வரிசையில் முணுமுணுத்த வெளியூர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அர்ச்சுனன் ஊதலை வாயில் வைத்தார், ஊதவில்லை.

படகு தானாக ஓய்ந்து, மெல்ல மெல்ல மிதந்து கரை ஒதுங்கியபோது 5.04. சுந்தரி பலகையில் கால் வைத்தார். பலகை இடம் மாறியது போலிருந்தது. நேராகப் போய்க் கனிமொழியின் மேல் சாய்ந்தார். "பூமிய யாராவது புடிங்கடி" என்றார்.

கனிமொழி எடுத்த படங்கள் பத்தொன்பது. எல்லாவற்றிலும் படகு சுழன்றுகொண்டிருந்ததால் பதினெட்டு கலங்கிவிட்டன. கலங்காத ஒன்றில் இருவரின் பின்தலை மட்டும் தெரிகிறது. ஆனால் கால் தெரியவில்லை. அது இப்போது கூடத்தில், பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

இறங்கும் வழியில் பதினான்கு வளைவிலும் சுந்தரி குறட்டை விட்டுத் தூங்கினார். மிச்சமிருந்த இரண்டு எலுமிச்சம்பழமும் வீடு வந்து சேர்ந்து ஊறுகாயாயின.

பேட்டையில் இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஏரியில் மொத்தம் பதினான்கு சுற்று, வளைவுக்கு ஒன்று என்று கணக்குத் தீர்த்துவிட்டேன் என்கிறார் சுந்தரி. கரையில் நின்று விரல் விட்டு எண்ணிய இனியவன் பதினொன்று என்கிறார். சிங்காரவேலைக் கேட்டால் சிரிக்கிறார். பதினொன்று என்பதே சரி.